வாங்குவதா, நாமே பொருத்துவதா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

தமிழகத்தின் வடவெல்லை என்று பழைய நூலோர் குறித்த வேங்கட மலையின் அடிவாரத்திலே, பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய நாம், ஆண்டுக்கு ஒருமுறை இவ்வாறு கூடி, தாய்மொழியில் நாலு வார்த்தை பேசிக் கேட்டு மகிழ்கிறோம். இந்த மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. சமயம் பேசுவோர் உண்டு. நானோ பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பின்னர் துறைத் தேர்வு எழுதி எழுத்தன் ஆனவன். ஆகையால் அறிந்த பொருளைப் பற்றி மட்டும் பேசுவதே எனக்கு அழகு என்று கருதி, நம் செயற்குழுவில் மூன்று கூட்டங்களாக முடிவு காணாமல் நிற்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

நம் சங்கத்துக்குக் கணினி ஒன்று வேண்டும். உறுப்பினர் பதிவேடு, சந்தாக் கணக்கு, ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்புக்கான பாடங்கள் ஆகிய அனைத்தும் அதில் ஏற வேண்டும். இதில் கருத்து வேற்றுமை இல்லை. பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் ஆயத்தக் கணினியை வாங்குவதா, உதிரிப் பாகங்களை வாங்கி நாமே பொருத்திக்கொள்வதா என்பதில்தான் சபை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. "பெயர் உள்ள பொருளே பொருள்" என்கிறார் ஒருவர். "பெயருக்கா பத்தாயிரம் ரூபாய்?" என்கிறார் மற்றொருவர். இந்த வழக்கு என் வீட்டிலும் நடந்தது. அதில் நான் ஒருமுறை தோற்றேன், ஒருமுறை கற்றேன். அவ்விரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் தோற்ற கதை. 2012-ஆம் ஆண்டு, வீட்டுக்கு ஒரு கணினி வேண்டும் என்று புறப்பட்டேன். ஆயத்தக் கணினியின் விலை என் சம்பளத்துக்கு எட்டவில்லை. நானே பொருத்தவும் அறியேன். ஆகவே ஒரு கடைக்காரரிடம் சென்று, "நீங்களே பார்த்து ஒன்று பொருத்திக் கொடுங்கள்" என்றேன். இரண்டே நாளில் கொடுத்தார். விலையும் குறைவு. வெள்ளைத் தாளில் மொத்தத் தொகை மட்டும் எழுதித் தந்தார். உள்ளே இருக்கும் பாகங்கள் எவை, அவற்றின் வரிசை எண் என்ன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான்கு ஆண்டுகள் அது நன்றாகவே ஓடிற்று. அதற்குள் என் தாயார் காலமானார். அவர் என் மகளைத் தொட்டிலில் இட்டுப் பாடிய தாலாட்டுகளை அலைபேசியில் பதிந்து, அக்கணினியில் சேமித்து வைத்திருந்தேன். 2016-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு மாலை, மின்சாரம் போய் மீண்டும் வந்தபோது, பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம் எழுந்தது. கருகிய நாற்றம் வீசிற்று. எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் கூறும் மின்வழங்கி வெடித்திருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் பெரிய எண் அச்சிட்டிருந்ததே தவிர, உள்ளே அந்த வலிமை இல்லை என்று பின்னர் திறந்து பார்த்தவர் கூறினார். அது தனியே போகவில்லை. வன்வட்டின் மின்பலகையையும் எரித்துக்கொண்டு போயிற்று. கடைக்காரரிடம் சென்றேன். "வட்டைச் செய்த நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றார். நிறுவனத்துக்குக் காட்ட என்னிடம் சீட்டு இல்லை. பழைய அலைபேசி எப்போதோ கைமாறியிருந்தது. என் தாயின் குரல் அன்றோடு போயிற்று.

கடைக்காரர்மீது மட்டும் பழி போடுவது நியாயம் ஆகாது. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்தது என் குற்றம். ஆனால் நெடுநாள் எண்ணிப் பார்த்தபின் எனக்கு ஒன்று விளங்கிற்று. ஆயத்தக் கணினியை வாங்குகிறவர் விலையோடு சேர்த்து ஒரு பொறுப்பையும் வாங்குகிறார். பழுதானால் வந்து நிற்பதற்கு ஒரு நிறுவனம் இருக்கிறது. தாமே பொருத்துகிறவர் விலையோடு சேர்த்து அறிவை வாங்குகிறார். பழுதானால் எந்த உறுப்பு என்று கண்டு மாற்ற அவருக்குத் தெரியும். நான் வாங்கியதோ இரண்டும் இல்லாத பொருள். பொறுப்பும் வரவில்லை; அறிவும் வரவில்லை. மலிவு ஒன்றே வந்தது. அதுவும் நான்கு ஆண்டில் போயிற்று.

அன்பர்களே, இந்தக் கேள்வி ஏதோ நம் காலனிக்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டா. சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளில் நம் நாடே இதே கேள்வியின் முன் நின்றது. இரண்டு நிறுவனங்கள் இரண்டு விடைகளைக் கண்டன.

கல்கத்தாவிலே, பேராசிரியர் மகலனோபிஸ் அவர்கள் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், வாங்குவது என்று முடிவு செய்தது. 1955-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.–2எம் என்னும் கணினி மரப்பெட்டிகளில் வந்து இறங்கிற்று. இந்தியாவுக்கு வந்த முதல் மின்னணுக் கணினி அதுவே. ஆயினும், வாங்கியவர்கள் கைகட்டி நிற்கவில்லை. மோகி முகர்ஜி, அமரேஷ் ராய் என்னும் பொறியாளர் இருவர் இங்கிலாந்து சென்று அதன் நுட்பங்களைப் பயின்று வந்து, தாமே அதை நிறுவி இயக்கினர். பழுது பார்ப்பதற்கு அயல்நாட்டாரை எதிர்பார்க்க இயலாத நிலையில், வாங்கிய பொருளே அவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

பம்பாயிலே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், கட்டுவது என்று முடிவு செய்தது. அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் 1926-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த ரங்கசாமி நரசிம்மன் அவர்கள் என்பது நமக்கெல்லாம் பெருமை தருவதாகும். அக்குழுவில் அதற்குமுன் கணினியை வடிவமைத்தவர் ஒருவரும் இலர். முதலில் ஒரு சிறிய முன்மாதிரியைச் செய்து 1956-இல் இயக்கிப் பார்த்தனர். பின்னர் முழுக் கணினியைக் கட்டி, 1960-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பணியில் ஈடுபடுத்தினர். ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் கொண்ட பெரும் பொறி அது. 1962-இல் பிரதமர் நேரு அவர்கள் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்கள்.

எவர் செய்தது சரி? கட்டி முடிப்பதற்குள் காலம் ஓடிவிட்டது; வெற்றிடக் குழல்களின் இடத்தை டிரான்சிஸ்டர்கள் பிடித்துக்கொண்டன. பம்பாய் நிறுவனமே 1964-இல் அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 என்னும் பெருங்கணினியை வாங்க வேண்டியதாயிற்று. இதைக் கண்டு, கட்டியது வீண் என்று சொல்வோமா? சொல்லலாகாது. பொறி பழையதாயிற்று, அதைக் கட்டிய கைகளும் மூளைகளும் பழையவை ஆகவில்லை. மறுபுறம் கல்கத்தாவைப் பாருங்கள். வாங்கிய கணினியில் பயின்ற அக்கழகமே, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 1966-ஆம் ஆண்டு டிரான்சிஸ்டர்களால் ஆன ஐ.எஸ்.ஐ.ஜே.யு.–1 என்னும் கணினியைத் தானே கட்டிற்று. கட்டியவர் பின்னர் வாங்கினர்; வாங்கியவர் பின்னர் கட்டினர். இரு சாராரும் தாழ்ந்து போகவில்லை. ஏன்? இரு சாராரும் தம் பொறியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்திருந்தனர். நான் 2012-இல் அறியாதிருந்தது அது ஒன்றே.

இனி, நான் கற்ற கதை. 2023-ஆம் ஆண்டு என் மூத்த மகள் பொறியியற் கல்லூரியில் கணினிப் பிரிவில் சேர்ந்தாள். தசராவை ஒட்டி வரும் 78 நாள் போனஸ் தொகையாகிய ரூ. 17,951-ஐயும், கையிருப்பையும் சேர்த்து ஆயத்தக் கணினி ஒன்று வாங்குவது என்று நானும் என் மனைவியும் பேசி வைத்திருந்தோம். என் மைத்துனரும் அதுவே தக்கது என்றார். மகளோ, "அப்பா, நானே பொருத்துகிறேன். உள்ளே இருப்பதைத் தொட்டுப் பார்க்காமல் நாலு வருடம் அதைப் பற்றியே படித்து என்ன பயன்?" என்றாள். 2016-இல் கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருந்தது. ஒரு வாரம் மறுத்தேன். பின்பு ஒரு நிபந்தனையோடு இசைந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் ஏன் தெரிந்தெடுத்தாள் என்று எனக்குப் புரியும்படி தமிழில் எழுதிக் காட்ட வேண்டும் என்பதே அந்த நிபந்தனை.

எழுதிக் காட்டினாள். செயலிக்கும், தாய்ப்பலகை என்னும் மதர்போர்டுக்கும் பொருத்தம் பார்ப்பது, திருமணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதைக் காட்டிலும் கண்டிப்பானது என்று அன்று அறிந்தேன். இன்டெல் செயலி ஏ.எம்.டி. செயலிக்குரிய பலகையில் அமராது; ஒரே நிறுவனத்திலும் தலைமுறை மாறினால் அமராது போவதுண்டு. நினைவகத்தில் டி.டி.ஆர்.4-க்கு உரிய துளையில் டி.டி.ஆர்.5 நுழையாது. படிப்புக்கும் கணக்குக்கும் தனி வரைகலை அட்டை வேண்டியதில்லை. செயலியோடு இணைந்து வருவதே போதும். எதில் சிக்கனம் செய்தாலும் மின்வழங்கியில் செய்யலாகாது. இந்தக் கடைசி வரியின் அடியில் அவள் கோடிட்டிருந்தாள். அவளுக்கும் அந்தத் தாலாட்டு நினைவிருந்தது போலும்.

ஒரு சனிக்கிழமை, காலை வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டோம். பாஸ் இருந்ததால் பயணச் செலவு இல்லை. அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் நான்கு கடைகளில் விலை கேட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் வரிசை எண்ணோடு ஜி.எஸ்.டி. ரசீது வாங்கினோம். செயலி ரூ. 11,800, தாய்ப்பலகை 7,200, நினைவகம் 16 கிகாபைட் 3,600, எஸ்.எஸ்.டி. 500 கிகாபைட் 3,000, மின்வழங்கி 2,900, பெட்டி 2,600, திரை 8,200, விசைப்பலகையும் சுட்டியும் 1,100. ஆக மொத்தம் ரூ. 40,400. நாங்கள் பார்த்து வைத்திருந்த ஆயத்தக் கணினிக்கு ரூ. 51,000 கேட்டிருந்தார்கள், அதில் நினைவகம் 8 கிகாபைட்டே.

வித்தியாசம் 10,600 ரூபாய் முழுதும் லாபம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் கணக்கை மறைக்கலாகாது. ஆயத்தக் கணினியின் விலையில் விண்டோஸ் உரிமமும் அடங்கியிருந்தது. நாங்கள் விலையில்லா லினக்ஸ் நிறுவிக்கொண்டோம். அவர்கள் ஓராண்டு வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பார்கள். எங்களுக்கோ செயலிக்கு மூன்றாண்டு, எஸ்.எஸ்.டி.க்கு ஐந்தாண்டு என்று உத்தரவாதம் நீண்டதாயினும், பழுதான பாகத்தை நாங்களே கண்டு, கழற்றி, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நேரமும் அலைச்சலும் எங்களுடையவை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் பாய் விரித்துப் பாகங்களைப் பரப்பினாள். உடம்பில் தேங்கும் மின்னேற்றம் பாகங்களைக் கெடுக்கும் ஆதலால், பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டே எதையும் எடுக்க வேண்டும் என்று என்னையும் என் மகனையும் எச்சரித்தாள். மூன்று மணி நேரத்தில் எல்லாம் பூட்டியாயிற்று. என் மனைவி விளக்கேற்றினாள். மகள் விசையை அழுத்தினாள். காற்றாடி சுழன்றது, திரையோ இருண்டே கிடந்தது.

அந்தக் கணத்தில் என் நெஞ்சு பதறியதை இங்கே மறைப்பானேன்? நாற்பதாயிரம் ரூபாய் பாயில் கிடக்கிறது. கேட்பதற்கு ஒரு நிறுவனம் இல்லை. "சொன்னேனே" என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி கண்ணாலேயே தடுத்தாள். மகள் மின்னிணைப்பைப் பிடுங்கினாள். தன் குறிப்பேட்டைப் பார்த்தாள். நினைவகப் பலகையைக் கழற்றி, மீண்டும் இரு முனைகளிலும் அழுத்தினாள். கிளிக் என்று ஓசை கேட்டது. முதன்முறை அது முழுதும் அமரவில்லை. அவ்வளவே. மறுபடி விசையை அழுத்தியதும் திரையில் எழுத்துகள் தோன்றின. அவள் முகத்தில் அன்று கண்ட ஒளியை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. இருந்த பணத்தில் 3,200 ரூபாய்க்கு ஒரு யு.பி.எஸ்.ஸும் பின்னர் வாங்கினோம். சுவர்ச் செருகியில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதித்தும் கொண்டோம்.

அப்படியாயின் எல்லோரும் பொருத்திக்கொள்வதே சிறந்தது என்பேனோ? என்னேன். சென்ற ஆண்டு, தனியே வாழும் என் தமக்கைக்கு ஆயத்த மடிக்கணினிதான் வாங்கித் தந்தேன். மடிக்கணினியை நாம் பொருத்த இயலாது என்பது ஒன்று. பழுதானால் தொலைபேசியில் அழைத்தால் ஆள் வர வேண்டும் என்பது மற்றொன்று. மேலும், உதிரிப் பாகமே எப்போதும் மலிவு என்பதும் இல்லை. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் வரைகலை அட்டைகள் கிடைக்காமல் விலை பன்மடங்கு ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினிக் கூடங்களின் தேவை மிகுந்ததால், 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் கிடுகிடுவென உயர்ந்தது. அத்தகைய காலங்களில் பழைய விலைக்குச் செய்து வைத்த ஆயத்தக் கணினியே மலிவாக முடியலாம். ஆகவே, வாங்கும் வாரத்தில் இரண்டு விலையையும் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். போன ஆண்டுக் கணக்கு இந்த ஆண்டுக்கு உதவாது.

இப்போது நம் சங்கத்துக்கு வருவோம். பொருத்திப் பழகிய வீட்டைச் சேர்ந்த நான், சங்கத்துக்கு ஆயத்தக் கணினியே வாங்க வேண்டும் என்று கூறுகிறேன். சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். காரணம் இதுவே: நம் செயற்குழு மாறிக்கொண்டே இருப்பது. நம்மில் பலர் மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டுகிறவர்கள். இன்று என் மகள் பொருத்தித் தந்தால், நாளை எனக்குக் குண்டக்கல்லுக்கு மாற்றலானால், பழுதானபோது யாரைக் கேட்பீர்கள்? அறிவு ஆளோடு போய்விடும். பொறுப்போ எழுத்தில் இருந்தால் இங்கேயே நிற்கும். ஆகையால், மூன்றாண்டு வீட்டுவழிப் பராமரிப்போடு, சங்கத்தின் பெயரில் ரசீது போட்டு வாங்குவதே முறை. வாங்குமுன் ஒன்று கேளுங்கள்: நினைவகத்தையும் வட்டையும் பின்னர் கூட்ட இடம் உண்டா, மின்வழங்கி எங்கும் கிடைக்கும் பொது அளவினதா என்று. சில ஆயத்தக் கணினிகளில் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் அவை அமைந்திருக்கும். வேறு எதையும் மாட்ட இயலாது.

இத்துடன் ஒரு வேண்டுகோள். நம் அறையின் மூலையில் அன்பர் ஒருவர் நன்கொடையாகத் தந்த பழைய கணினி ஓடாமல் கிடக்கிறது. அதைக் காயலான் கடைக்குப் போட வேண்டா. ஞாயிறு வகுப்பு முடிந்தபின் பிள்ளைகள் அதைத் திறக்கட்டும், கழற்றட்டும், மீண்டும் பூட்டட்டும். என் மகள் உடன் இருந்து சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகள், உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டட்டும். தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் தட்டெழுதவும் அதிலேயே பழகலாம். கல்கத்தாவில் வாங்கிய பொறி பள்ளிக்கூடம் ஆனதுபோல, இங்கே ஓடாத பொறியும் பள்ளிக்கூடம் ஆகட்டும்.

கடைசியாக ஒன்று. வாங்கினாலும் பொருத்தினாலும் எந்தப் பொறியும் ஒருநாள் நிற்கும். ஆதலால் சங்கத்தின் ஏடுகளுக்கு இரண்டு பிரதிகள் இருக்கட்டும். ஒன்று சங்கத்தில், மற்றொன்று வேறொருவர் வீட்டில். புதிய கணினி வந்ததும் முதற்பணியாக, நம் காலனியில் உள்ள முதிய தாய்மார்களின் பாட்டுகளையும் கதைகளையும் பதிந்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வாய்த்தது போன்ற இழப்பு இனி நம்மில் ஒருவருக்கும் நேர வேண்டா.